நடுவில் மூன்று நட்சத்திரம்

டுலூத்தில் அக்டோபர் வந்தால்
ஏரிக்காற்று ஒவ்வொரு கோட்டிலும் பொத்தானை எண்ணிப் பார்க்கும்.
குழாய்த் தொழிலாளர் சங்கத்தின் நிலவறையில்
மடக்கு மேசைகள், ஆறிய பீட்சா,
ஓஸ்ட்மன் அம்மாள் செனட்டுக்கு என்று சுவரெல்லாம் நீலத்தாள்.
நாங்கள் ஒன்பது பேர்.
ஆளுக்கொரு மடிக்கணினி. பேச்சு கிடையாது.

வேலை எளிது.
திரையில் ஒரு பெயர் வரும், ஊர் வரும், வயது வரும்.
வாசகத்தை யாரோ எழுதி வைத்தாயிற்று.
நாம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.
இயந்திரமே அனுப்பினால் சட்டம் கோபித்துக்கொள்ளுமாம்,
ஒரு மனித விரல் பட்டால் போதுமாம்.
அந்த விரல் நான்.

நேற்று ஆயிரத்து நானூறு.
அதில் ஆயிரத்து முன்னூறு கிணற்றில் போட்ட கல்.
மிச்சத்தில் பாதி வசை.
பிரெய்னர்டில் ஒருவர் தன் நாயின் படத்தை அனுப்பி
'இவன்தான் என் வேட்பாளர்' என்றார்.
குளோக்கேயில் ஒருத்தி:
'அம்மா போய் எட்டு மாதம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட
இப்போது நீங்கள் மட்டும்தான் மிச்சம்.'
அதற்கும் ஒரு பொத்தான் உண்டு. ஆறாவது. வருந்துகிறோம்.

எட்டு நாற்பதுக்கு வந்தது:
தோரா. ஹிப்பிங். வயது நாற்பத்து மூன்று.
218, பிறகு மூன்று நட்சத்திரம், பிறகு 0967.

என் அக்கா ஏழு வருடம் முன்பு
தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் எண்ணை மாற்றிக்கொண்டு போனாள்.
சண்டை என்று சொல்ல முடியாது.
தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான், அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள்,
அவன் கதையை அவளிடமே கொண்டுபோய்ச் சொன்னோம் நாங்கள்,
இரவு பதினொன்றுக்கு, விடிகாலை ஐந்துக்கு, அவள் வேலை நேரத்தில்.
ஒருநாள் அந்த எண்ணில் வேறு குரல்.
தூண்டில் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்.
அம்மா அவரிடமும் இரண்டு தடவை அழுதாள்.
அக்கா எந்த ஊர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.
ஓஸ்ட்மன் அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹிப்பிங்கில் எத்தனை தோரா இருக்க முடியும்?

அழுத்தினேன்.
'வணக்கம் தோரா! நான் மாரிட், தன்னார்வலர்.
செவ்வாய்க்கிழமை உங்களை நம்பலாமா?'
என் பெயரை நான் போடவில்லை. அதுவே போட்டுக்கொண்டது.

நான்கு நிமிடம்.
பக்கத்து மேசை எல்வின்
பீட்சாவின் விளிம்பை மட்டும் தின்றுகொண்டிருந்தார்.

'இந்த எண்ணை யார் கொடுத்தது?'

இரண்டாம் பொத்தான்: பொது வாக்காளர் பட்டியல்.
ஐந்தாம் பொத்தான்: வேட்பாளரின் கொள்கை விளக்கம்.
கீழே ஒரு வெள்ளைப் பெட்டியும் உண்டு, நாமே அடிப்பதற்கு.
'நான்தான்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'அம்மாவுக்கு முழங்கால்' வரை அடித்தேன்.
அழித்தேன்.
இரண்டை அழுத்தினேன்.

'நிறுத்து.'

ஒரு சொல், ஒரு முற்றுப்புள்ளி.
அக்கா எப்போதும் முற்றுப்புள்ளி வைப்பாள்,
மளிகைச் சீட்டில் முட்டைக்குப் பிறகுகூட.
இல்லை, இது வேறொரு தோராவாக இருக்கலாம்.
அந்த வரி சாம்பலாகிப் பட்டியலின் அடிக்குப் போனது.
அடுத்தது லாயிட். எவலெத். எண்பத்தொன்று.

ஒன்பதரைக்குக் கலைந்தோம்.
வண்டி சூடாகும்வரை உட்கார்ந்திருந்தேன், கண்ணாடி முழுக்க ஈரப்பனி.
மூன்று நட்சத்திரம் என்றால்
மூன்று பூஜ்யத்திலிருந்து மூன்று ஒன்பது வரை.
ஆயிரம்தான்.
நேற்று ஓர் இரவில் அதைவிட அதிகம் அனுப்பியவள் நான்.

கைப்பேசி அதிர்ந்தது.
'மாரிட், ஓஸ்ட்மன் உங்களிடம் மறைப்பது என்ன தெரியுமா?'
ஏதோ ஒரு நிலவறையில், யாரோ ஒரு விரல்.
நிறுத்து என்று அடித்தேன்.
புள்ளி வைக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

பிறகு வண்டியை எடுத்தேன்.
மேசபா சாலை நெடுக,
பூஜ்யம் ஒன்பது, ஆறு ஏழு,
பூஜ்யம் ஒன்பது, ஆறு ஏழு,
துடைப்பான்.